பழைய ஹைலக்ஸ் டாஷ்போர்ட்டில் புது ஸ்பீக்கர்: இரண்டு நிமிடம் பாடிவிட்டு நிற்கிறது, உதவி தேவை

அக்கராயன் பொடியன் எழுதியது:

வணக்கம். அப்பாவிடம் ஒரு பழைய ஹைலக்ஸ் டபிள் கெப் இருக்கிறது. 2.8 டீசல். நெல், உரம், மாட்டுத்தீனி, பொங்கல் நாட்களில் சொந்தக்காரர் என்று எல்லாவற்றையும் ஏற்றி இறக்கிய வாகனம். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இதைக் கொடுத்தால் இப்படி இன்னொன்று எடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டோம். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள்தான், ஆனால் விலையைக் கேட்டுவிட்டு வந்து இதற்கே சேர்விஸ் போட்டோம்.

விஷயம் ஸ்பீக்கர். டாஷ்போர்ட்டின் இரண்டு மூலையிலும் நாலு அங்குல ஸ்பீக்கர் இருந்தது. கடதாசிக் கூம்பு வெயிலில் காய்ந்து, தொட்டால் அப்பளம் போல உடைந்தது. நடுவில் ஒரு பழைய கசற் செட். அப்பாவுக்கு வேண்டியது காலைச் செய்தியும் மரண அறிவித்தலும் மட்டும்தான். எஞ்சின் இரைச்சலில் செத்தவரின் பெயர் கேட்கும், ஊர் கேட்காது. "எந்த ஊர் எண்டவன்?" என்று என்னிடம் கேட்பார். எனக்கு மட்டும் எப்படிக் கேட்டிருக்கும்?

அதனால் யூஎஸ்பி, புளூடூத் உள்ள ஒரு செட்டும் ஒரு சோடி நாலு அங்குல ஸ்பீக்கரும் வாங்கி நானே பூட்டினேன். போட்டவுடன் அருமையாகப் பாடியது. இரண்டு நிமிடத்தில் கரகரவென்று இழுத்து நின்றுவிட்டது. அணைத்துவிட்டுப் போட்டால் திரும்பவும் இரண்டு நிமிடம். செட்டின் பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு. கடையில் கொடுத்து வேறு செட் மாற்றினேன், அதுவும் இப்படியே. ஆகவே செட்டில் பிழை இருக்காது என்று நினைக்கிறேன். பேஸும் அறவே இல்லை. "பழசே நல்லம்" என்கிறார் அப்பா.

யாராவது இந்த மொடலில் செய்து பார்த்திருக்கிறீர்களா?


இடிமுழக்கம் எழுதியது:

தம்பி, நாலு அங்குலம் என்பது விளையாட்டுச் சாமான். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்சீற்றுக்குப் பின்னால் ஒரு பன்னிரண்டு அங்குலப் பெட்டி, ஒரு அம்ப் (அம்பிளிபயர்) போடுங்கள். கதவில் ஆறரை. கிளிநொச்சிச் சந்தியில் நின்றால் பரந்தனில் கேட்கவேண்டும்.


கடற்காற்று எழுதியது:

பரந்தன்காரர் என்ன பாவம் செய்தார்கள்?

அக்கராயன் பொடியன், முதலில் சின்ன விஷயங்களைப் பார்ப்போம். புது ஸ்பீக்கரின் காந்தம் பின்னால் எதிலாவது முட்டுகிறதா? பழைய ஸ்பீக்கரின் காந்தம் சின்னது, புதியது தடிப்பு. முட்டினால் கூம்பு உரசிக் கரகரக்கும். எனக்கு முல்லைத்தீவில் ஒரு லொறியில் அப்படி நடந்தது. காந்தத்துக்கும் காற்றுக் குழாய்க்கும் நடுவில் ஒரு கடதாசி கூடப் போகவில்லை.


அக்கராயன் பொடியன் எழுதியது:

முட்டவில்லை அண்ணை. முதலில் முட்டியதுதான். துவாரம் சரியாக இருந்தது, ஆனால் ஆழம் ஒன்றரை சென்ரிமீற்றர் பத்தவில்லை. ஸ்பீக்கர் விளிம்புக் காதுகளில் இருக்கிற ஆணித்துளையும் பழையதோடு பொருந்தவில்லை. நாலு அங்குல பீவீசி குழாயில் ஒரு வளையம் அறுத்து, அரத்தால் தேய்த்து, நடுவில் வைத்து உயர்த்தினேன். வளையத்தின் இரண்டு பக்கமும் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறேன், அதிராமல் இருக்க. மேல்மூடிக்கும் கூம்புக்கும் இடையில் இப்போது ஒரு விரல் இடம் இருக்கிறது.

டாஷ்போர்ட் ஓரத்தைக் கிளப்ப ஸ்குரூ ட்ரைவர் பாவிக்கவில்லை. பனை மட்டையைச் சீவிப் பாவித்தேன். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் இல்லை. அந்த ஒன்றில் மட்டும் எனக்குப் பெருமை.


மொரிஸ் மைனர் எழுதியது:

மட்டை யோசனை நல்லது. வெயில் ஏறின பிறகு கழற்றினீரா, விடியவா? பழைய பிளாஸ்டிக் குளிரில் கழற்றினால் கிளிப் முறியும். கொஞ்சம் சூடேறின பிறகு வளைந்து கொடுக்கும்.

இப்போது ஒரு கேள்வி. பழைய கசற் செட்டின் பின்னால் இருந்து ஸ்பீக்கருக்கு எத்தனை வயர் போனது? நன்றாக எண்ணிப் பார்த்துச் சொல்லும்.


அக்கராயன் பொடியன் எழுதியது:

இன்று திரும்பவும் கழற்றிப் பார்த்தேன் ஐயா. மூன்று வயர். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகக் கறுப்பு ஒன்று. அந்தக் கறுப்பு இடது மூலையில் டாஷ்போர்ட் இரும்பில் ஒரு ஆணிக்குக் கீழே போகிறது. அங்கிருந்து வலது ஸ்பீக்கருக்கு ஓடுகிறது.

புது செட்டில் முன் ஸ்பீக்கர்களுக்கென்று நாலு வயர் வந்தது: வெள்ளை, கறுப்புக் கோடு போட்ட வெள்ளை, சாம்பல், கறுப்புக் கோடு போட்ட சாம்பல். கோடு போட்டது மைனஸ் என்று கடையில் சொன்னார்கள். அதனால் கோடு போட்ட இரண்டையும் ஒன்றாக முறுக்கி அந்தப் பழைய கறுப்பில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் சரியாகத்தான் இருக்கிறது.


ஈயக்கம்பி எழுதியது:

இனி அந்த செட்டைப் போடவேண்டாம். அடுத்த முறை உள்ளே சத்தம் கொடுக்கிற ஐசி சில்லு எரிந்துபோகும். இதுவரை எரியாதது உங்கள் அதிர்ஷ்டம்.

நான் வவுனியாவில் செட் திருத்துகிறேன். மாதத்துக்கு இரண்டு செட்டாவது இப்படி வரும். எல்லாரும் "செட் பிழை" என்றுதான் கொண்டுவருவார்கள்.

பழைய கசற் செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனைக்குத்தான் சத்தம் போகும். மற்ற முனை பொடிதான், அதாவது வாகனத்தின் இரும்பு உடல், ஏர்த். அதனால் மூன்று வயர் போதும், ஆணியில் கொடுத்தாலும் பிழையில்லை. இப்போது வருகிற செட்டுகளில் அப்படி இல்லை. ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு அம்பிளிபயர். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். 12 வோல்ற்றை வைத்துக்கொண்டு கூடச் சத்தம் எடுக்க அதுதான் வழி. கோடு போட்ட வயரை மைனஸ் என்று சொல்வது பேச்சுக்குத்தான், உண்மையில் அதுவும் உயிருள்ள வயர். செட்டைப் போட்டுவிட்டு ஒரு மீற்றரின் கறுப்புக் கம்பியைப் பொடியிலும் சிவப்புக் கம்பியை அந்த "மைனஸ்" வயரிலும் வைத்துப் பாருங்கள், 6 வோல்ற் அளவில் காட்டும். பிளஸ் வயரிலும் அதே 6தான். இரண்டும் சமமாக நிற்பதால்தான் சத்தம் இல்லாத நேரம் ஸ்பீக்கரில் ஒன்றும் ஓடுவதில்லை.

நீங்கள் செய்தது என்ன? இரண்டு பக்கத்து உயிர் வயரையும் ஒன்றாக முறுக்கினீர்கள். அது ஒரு பிழை. பிறகு அதைப் பொடியில் கொடுத்தீர்கள். அது பெரிய பிழை. 6 வோல்ற் நேராக இரும்புக்கு ஓடுகிறது. சூடு வராமல் என்ன வரும்?


மொரிஸ் மைனர் எழுதியது:

இதைத்தான் நான் சந்தேகப்பட்டு எண்ணச் சொன்னேன். ஈயக்கம்பி அண்ணை சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளில் சண்டைக் காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோல் விட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எங்கள் மொரிஸ் புகைத்துக்கொண்டு வருவது பக்கத்து ஊரில் தெரியும். ரேடியோ கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றவேண்டும். டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு. சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைப்பார்.

அந்த டைனமோவில் இருந்து லைற்றுக்கு எத்தனை வயர் போகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்று. ஒன்றே ஒன்று. மற்றப் பாதை சைக்கிள் சட்டம். டைனமோ பூட்டுகிற பட்டியில் ஒரு கூரான ஆணி இருக்கும், அது பெயின்றைக் குத்திக்கொண்டு இரும்பைத் தொடவேண்டும். தொடாவிட்டால் லைற் எரியாது. நாங்கள் எல்லாம் மின்சாரம் படித்தது அதில்தான். பிறகு காரில் கை வைத்தபோதும் "ஒரு வயர் இழுத்தால் போதும், மற்றதுக்கு இரும்பு இருக்கிறது" என்றே செய்தோம். அந்த கெப்பில் ஆணி பூட்டியவனும் எங்கள் வயதுக்காரனாகத்தான் இருப்பான். அவனைத் திட்டவேண்டாம். அவனுடைய செட்டுக்கு அது சரி.


ஈயக்கம்பி எழுதியது:

அண்ணை இல்லை ஐயா, அக்கா. பெயரைப் பார்த்து எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

டைனமோ உதாரணம் நன்றாக இருக்கிறது. இனிக் கடைக்கு வருகிறவர்களுக்கு அதையே சொல்லப்போகிறேன்.


மொரிஸ் மைனர் எழுதியது:

மன்னிக்கவேண்டும் பிள்ளை.


இடிமுழக்கம் எழுதியது:

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். பொடியில் நேராகக் கொடுத்தால் செட் உடனே நிற்கவேண்டுமே? இவருக்கு ஏன் இரண்டு நிமிடம் பாடியது?


ஈயக்கம்பி எழுதியது:

நல்ல கேள்வி. நானும் யோசித்தேன். அக்கராயன் தம்பி, பற்றரி மைனஸைக் கழற்றி, செட்டின் பிளக்கையும் கழற்றிவிட்டு, அந்தக் கறுப்பு வயரையும் பொடியையும் மீற்றரில் அளந்து சொல்லுங்கள். ஸ்பீக்கரையும் தனியே அளந்து பாருங்கள். 4 ஓமா?


அக்கராயன் பொடியன் எழுதியது:

ஓம்.


கடற்காற்று எழுதியது:

எத்தனை ஓம்?


அக்கராயன் பொடியன் எழுதியது:

ஓம் என்றால் ஓம் அண்ணை, 4 ஓம். பெட்டியில் அப்படிப் போட்டிருக்கிறது. மீற்றரில் 3.4 காட்டுகிறது, இரண்டுமே.

கறுப்பு வயரில் இருந்து பொடிக்கு 5 ஓம் காட்டுகிறது. வயரை ஆட்டினால் 3க்கும் 9க்கும் இடையில் ஓடுகிறது. ஆணியைக் கழற்றிப் பார்த்தேன், துருவில் அதன் தலையே இல்லை.


ஈயக்கம்பி எழுதியது:

3.4 சரி. சுருளை மீற்றரில் அளந்தால் பெட்டியில் எழுதியதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். 0 அல்லது எல்லையில்லாமல் காட்டினால்தான் பயப்படவேண்டும்.

இடிமுழக்கத்தின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. துரு. ஆணி சுத்தமாக இருந்திருந்தால் செட் உடனே தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கும். துரு நடுவில் 5 ஓம் போல நின்றதால் ஒரு அம்பியருக்கு மேல் சும்மா ஓடி, மெல்ல மெல்லச் சூடேறி, இரண்டு நிமிடத்தில் நின்றது. கிறவல் வீதியில் ஓடினால் இன்னும் ஒரு மாதிரி நின்றிருக்கும்.

செய்யவேண்டியது இதுதான். பழைய ஸ்பீக்கர் வயர் முழுவதையும் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டில் இருந்து தனியாக இரட்டை வயர் இழுங்கள். எந்த முனையும் இரும்பைத் தொடக்கூடாது. இழுத்து முடித்துவிட்டு, செட்டில் கொடுக்க முன், நாலு முனையையும் பொடியோடு அளந்து பாருங்கள். ஒன்றிலும் ஒன்றும் காட்டக்கூடாது. மூட்டுகளை முறுக்கி ரேப் சுற்றவேண்டாம், இங்கத்தைய வெயிலுக்கு அந்தப் பசை உருகி வழிந்துவிடும். ஈயம் வைத்து, சூட்டில் சுருங்குகிற குழாய் போடுங்கள்.


அக்கராயன் பொடியன் எழுதியது:

செய்துவிட்டேன்!

வலது பக்கத்துக்கு வயர் போகவில்லை, காற்றுக் குழாய்க்குப் பின்னால் கை நுழையாது. அம்மா தென்னை ஈர்க்கு நாலைக் கட்டித் தந்தார். அதன் நுனியில் வயரைக் கட்டி விட்டேன், ஒரே தள்ளில் மறுபக்கம் வந்தது. அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாவாடைக்கு நாடா கோக்கிறது போலத்தானே என்றார்.

நாலு முனையும் அளந்தேன், பொடியோடு ஒரு தொடர்பும் இல்லை. ஒரு மணித்தியாலம் பாடவிட்டேன். நிற்கவில்லை. செட் இளஞ்சூடுதான்.

ஆனால் இன்னொன்று. சத்தம் கூடினால் போல இருக்கிறது, செய்தி வாசிப்பவர் எங்கே இருந்து வாசிக்கிறார் என்று பிடிபடவில்லை. கெப்புக்கு வெளியே யாரோ கதைப்பது போல இருக்கிறது. பாலன்ஸை ஒரு பக்கமாகத் திருப்பினால் சரியாகக் கேட்கிறது. நடுவுக்கு வந்தால் பொள்ளென்று ஆகிவிடுகிறது.


கடற்காற்று எழுதியது:

ஒரு பக்கம் தலைகீழ். பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று முன்னுக்குத் தள்ளும்போது மற்றது பின்னுக்கு இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பேஸ்தான் முதலில் போகும்.

செட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ரோர்ச்சுக்குப் போடுகிற 1.5 வோல்ற் பற்றரி ஒன்றை வயர் முனையில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பற்றரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸில் பட்டால் கூம்பு வெளியே வரும். உள்ளே போனால் அந்தப் பக்கம் மாறியிருக்கிறது. தொட்டு எடுக்கவேண்டும், பிடித்துக்கொண்டிருக்கக்கூடாது.


அக்கராயன் பொடியன் எழுதியது:

வலது உள்ளே போனது. மாற்றினேன். இப்போது அறிவிப்பாளர் சரியாக டாஷ்போர்ட் நடுவில் குந்தியிருக்கிறார். நன்றி அண்ணை. நான் வாங்கிய இரட்டை வயரில் இரண்டும் ஒரே நிறம், ஒன்றில் மட்டும் மெல்லிய கோடு. மாலை வெளிச்சத்தில் தெரியவில்லை.

பேஸ் கொஞ்சம் வந்திருக்கிறது. ஆனாலும் சத்தத்தைக் கூட்டினால் பறை விழுகிற இடங்களில் படபடவென்று அடிக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியில் 250 வாட் என்று போட்டிருக்கிறது. செட்டில் 50 வாட் நாலு. 250ஐ 50 எப்படி அடித்து உடைக்கும்?


இடிமுழக்கம் எழுதியது:

நான் முதலே சொன்னேன். பன்னிரண்டு அங்குலம்.


ஈயக்கம்பி எழுதியது:

பெட்டியில் போடுகிற வாட் கணக்கைக் கல்யாணத் தரகர் சொல்கிற சம்பளக் கணக்குப் போல எடுத்துக்கொள்ளுங்கள். செட்டின் 50 வாட் என்பது உச்சத்தில் ஒரு கணம் வருவது. தொடர்ந்து தருவது 14இல் இருந்து 22 வாட் வரைதான், எந்தக் கம்பனியானாலும் சாதாரண செட்டில் 12 வோல்ற்றை வைத்து அதற்கு மேல் எடுப்பது கஷ்டம். ஸ்பீக்கரில் பார்க்கவேண்டியது ஆர்எம்எஸ் என்று, அதாவது தொடர்ந்து தாங்கும் வாட் என்று, எழுதிய சின்ன எண்ணையும், சென்சிற்றிவிற்றி என்று டெசிபலில் எழுதிய எண்ணையும். 3 டெசிபல் கூடிய ஸ்பீக்கர் பாதி வாட்டிலேயே அதே சத்தம் தரும். செட்டிலேயே ஓடப்போகிறதென்றால் இந்த எண்தான் முக்கியம். அதைப் பார்த்து ஒருவரும் வாங்குவதில்லை. காந்தத்தின் பாரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிறார்கள்.

படபடப்பது உடைந்ததால் அல்ல. நாலு அங்குலக் கூம்பு பேஸுக்காக முன்னும் பின்னும் ஓடி எல்லையில் முட்டுகிறது. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் மூடிய பெட்டி இல்லை, திறந்த வெளி. அதனால் அதைப் பிடித்து நிறுத்தவும் ஒன்றும் இல்லை. அப்பா கேட்பது செய்தி. பழைய தொலைபேசி 300 ஹேர்ட்ஸில் இருந்து 3400 வரைதான் கடத்தியது, அதில் கொழும்பில் இருந்து பேசியது எல்லாருக்கும் விளங்கியதுதானே? ஊர்ப்பெயர் விளங்கப் பேஸ் தேவையில்லை. டீசல் எஞ்சின் இரைவதும் கீழ் சுருதியில்தான், அதோடு போய் ஏன் மல்லுக்கட்டவேண்டும்? பேஸை வெட்டிவிடுங்கள், மிச்சம் தெளிவாகும். செட்டில் எச்பிஎஃப் என்று, கீழ் சுருதியை வெட்டுகிற ஒரு இடம் இருக்கிறதா? இருந்தால் 120இல் வையுங்கள்.


அக்கராயன் பொடியன் எழுதியது:

இல்லை அக்கா. பேஸ், ட்ரெபிள் மட்டும்தான்.


ஈயக்கம்பி எழுதியது:

சரி, அப்படியென்றால் கப்பாசிற்றர். பிளஸ் வயரில் தொடராக ஒன்று. 4 ஓமுக்கு 400 மைக்ரோபரட் போட்டால் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும், 200 போட்டால் 200 ஹேர்ட்ஸில். துருவம் இல்லாத வகை வேண்டும். அது இங்கே இலகுவில் கிடைக்காது. சாதாரண 470 மைக்ரோபரட், 25 வோல்ற் இரண்டை எடுத்து, மைனஸ் காலோடு மைனஸ் காலைச் சேர்த்து ஈயம் வையுங்கள். வெளியே இருக்கிற இரண்டு பிளஸ் காலும்தான் இனி உங்கள் முனைகள். அளவு பாதியாகி 235 வரும், 170 ஹேர்ட்ஸ் அளவில் வெட்டும். நாலு அங்குலத்துக்கு அது நல்ல இடம். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு. பழைய ரீவி போர்ட்டிலும் கழற்றலாம், ஆனால் வீங்கினதை எடுக்கவேண்டாம்.


இடிமுழக்கம் எழுதியது:

சரி அக்கா, அப்பாவுக்கு நீங்கள் சொல்வது. பொடியனுக்கு? அவனும் அந்த கெப்பில்தானே ஓடுகிறான். பேஸை வெட்டு வெட்டு என்றால் அவன் என்ன மரண அறிவித்தலா கேட்பான்?


ஈயக்கம்பி எழுதியது:

அதில் நியாயம் இருக்கிறது. பேஸ் வேண்டுமென்றால் அதற்கென்று தனி ஸ்பீக்கர், தனி அம்ப்தான் வழி, டாஷ்போர்ட்டைப் போட்டு அடிப்பதில்லை. உங்களோடு அந்த அளவுக்கு உடன்படுகிறேன். பன்னிரண்டு அங்குலம் அந்த கெப்புக்குள் எங்கே வைப்பது என்பது உங்கள் பாடு. எட்டு அங்குலம் போதும். அம்ப் வைத்தால் பற்றரியில் இருந்து வருகிற வயரில், பற்றரிக்கு ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கவேண்டும். அம்புக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்து ஒரு பயனும் இல்லை, வயர் நடுவில் எங்காவது உரசினால் வாகனமே எரியும். பியூஸ் இல்லாமல் வந்த இரண்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.


கடற்காற்று எழுதியது:

கதவில் ஆறரை போடுவதுதான் நடுவழி. கதவு ஒரு பெட்டி மாதிரி வேலை செய்யும். ஆனால் எங்கள் பக்கம் உப்புக்காற்று. மாரியில் கண்ணாடி வழியே இறங்குகிற தண்ணீர் நேராகக் காந்தத்தில் விழும். ஒட்டுசுட்டான் பக்கம் ஒருவருடைய கதவு ஸ்பீக்கரைக் கழற்றியபோது உள்ளே குளவிக்கூடு. மேலே ஒரு ரப்பர் தாழ்வாரம் போல வைக்காமல் கதவில் பூட்டவேண்டாம்.


இடிமுழக்கம் எழுதியது:

கதவுதான் சரி. டாஷ்போர்ட்டில் இருந்து வருகிற சத்தம் முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்துக் காதைக் குத்தும்.


மொரிஸ் மைனர் எழுதியது:

கதவில் இருந்து வருவது முழங்காலுக்குத்தான் பாடும். எனக்கு இந்த வயதில் காது முழங்காலில் இல்லை.


சின்னக்கார் எழுதியது:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். மாங்குளத்தில் இருந்து. என்னிடம் 2014 வாகன்ஆர். நானும் டாஷ்போர்ட்டில் சின்ன ரீற்றர் (மேல் சுருதிக்கான ஸ்பீக்கர்) இரண்டு போட நினைக்கிறேன். பனை மட்டை வைத்துக் கிளப்பலாமா? பயணிப் பக்கத்தில் மஞ்சள் நிற வயர்கள் கொஞ்சம் போகின்றன, அவற்றில் ஒன்றில் கரண்ட் எடுக்கலாமா?


ஈயக்கம்பி எழுதியது:

எடுக்கக்கூடாது! மஞ்சள் குழாய்க்குள் போகிற வயரும் மஞ்சள் பிளக்கும் ஏர்பேக். மீற்றர் கூட வைக்கவேண்டாம், மீற்றரில் இருந்து போகிற சின்ன மின்னோட்டமே ஆபத்து. ஹைலக்ஸ் பழையது, அதில் ஏர்பேக் இல்லை, அதனால் தம்பி மட்டையோடு விளையாடினார். உங்களுடையது அப்படி இல்லை. பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். 90 செக்கன் காத்திருக்கச் சொல்லி ரொயோட்டாக்காரர் எழுதியிருக்கிறார்கள், நான் பத்து நிமிடம் சொல்வேன். பயணிப் பக்க மேல்மூடியை நீங்கள் திறக்கவேண்டாம். ரீற்றரைக் கண்ணாடி ஓரத்து முக்கோண மூடியில் வையுங்கள், ஏர்பேக் வெடித்தால் அதன் பாதையில் ஒன்றும் இருக்கக்கூடாது.

கம்பனிப் பிளக்கையும் வெட்டவேண்டாம். அதற்குப் பொருந்துகிற மாற்றுப் பிளக் தனியாக விற்கிறது. வெட்டிய பிளக்கோடு வருகிற வாகனத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.


சின்னக்கார் எழுதியது:

நன்றி அக்கா. தேத்தண்ணியும் குடிக்கிறேன், மூடியையும் தொடவில்லை.


அக்கராயன் பொடியன் எழுதியது:

ஒரு கிழமை கழித்து வருகிறேன். வெட்டு முடிந்து நெல் ஏற்றுகிற வேலை, நேரம் கிடைக்கவில்லை.

கப்பாசிற்றர் போட்டேன். 470 நாலு, பழைய ரீவியில் இருந்து. ஈயம் வைக்கும்போது ஒரு விரல் சுட்டது. படபடப்பு போய்விட்டது. முன்பு சத்தம் 20இல் வைத்ததை இப்போது 28 வரை கூட்டலாம். மூடிக்குப் பின்னால் மெல்லிய சீலைத் துணி ஒன்று ஒட்டினேன், முறிகண்டி வீதிப் புழுதிக்கு. சத்தம் குறையவில்லை. இடது மூலையில் ஒரு கடகடப்பு இருந்தது, ஸ்பீக்கர் என்று நினைத்து அரை நாள் தேடினேன், கடைசியில் லைசன்ஸ் மட்டை.

ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் ரேடியோ நிலையம் மறந்துபோனது. செட்டின் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் தவறுதலாக மாற்றிக் கொடுத்திருந்தேன். மஞ்சள் எப்போதும் பற்றரியில், சிவப்பு சாவியில் கொடுக்கவேண்டும். இதை நானே கண்டுபிடித்தேன், ஒருவரும் சொல்லித்தரவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

நேற்று விடிய கிளிநொச்சிக்குப் போகும்போது அறிவித்தல் போனது. அப்பா கையை உயர்த்தி என்னைக் கதைக்காதே என்றார். முழுவதும் கேட்டார். பிறகு, "கனகராயன்குளம். இவர் எங்கட சந்தைக்கு வாறவர்" என்றார். திரும்பி வரும்போது அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். ஸ்பீக்கரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பழசே நல்லம்" என்பதையும் திரும்பச் சொல்லவில்லை.

எட்டு அங்குலம் சிறுபோகத்துக்குப் பிறகு. இடிமுழக்கம் அண்ணை, அப்போது வருகிறேன்.


இடிமுழக்கம் எழுதியது:

பத்து அங்குலம் என்று பேசி முடிப்போம்.


மொரிஸ் மைனர் எழுதியது:

தம்பி, கழற்றின பழைய ஸ்பீக்கர் இரண்டையும் எறிந்துவிட்டீரா? கூம்பு போனாலும் காந்தம் போகாது. பட்டறையில் நிலத்தில் விழுகிற ஆணி பொறுக்க எனக்கு ஒன்று வேண்டும்.


அக்கராயன் பொடியன் எழுதியது:

வைத்திருக்கிறேன் ஐயா. ஞாயிறு காலை முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைக்க நிற்போம், வெள்ளை டபிள் கெப். இரண்டையும் எடுத்து வருகிறேன். அந்தத் துருப்பிடித்த ஆணியும் இருக்கிறது, வேண்டுமென்றால் சொல்லுங்கள்.


மொரிஸ் மைனர் எழுதியது:

அதையும் கொண்டுவாரும். யார் பூட்டினது என்று பார்ப்போம்.